ஏற்காடு ஏற ஸ்மார்ட் வாட்ச் வேணுமா? ஆசையை எப்படித் தள்ளிப் போடுவது?

கேட்டவர்: செவ்வாய்ப்பேட்டை சைக்கிள்

வணக்கம். வயது 42, எடை 70 கிலோ, சர்க்கரையும் பிரஷரும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு மணி நேரம் நடை, ஞாயிற்றுக்கிழமை கன்னங்குறிச்சி பக்கம் சைக்கிள். வண்டி 21 கியர் ஹைபிரிட்: முன்னால் 48-38-28 பல், பின்னால் ஸ்க்ரூ டைப் ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல் அடுக்கு) 14-28, வி பிரேக். பொங்கலுக்குள் அடிவாரத்தில் ஏறி ஏற்காடு ஏரி வரைக்கும் கால் ஊன்றாமல் போய்ச் சேர வேண்டும்.

அதற்காகக் கார்ட்டில் போட்டு வைத்திருப்பவை: ஜிபிஎஸ் வாட்ச் 24,000, ஸ்மார்ட் எடை மெஷின் 2,500, மசாஜ் கன் 4,000, மடக்கும் டிரெட்மில் 28,000. மொத்தம் 58,500 ரூபாய். கையிலிருப்பது 12,000தான். மீதிக்கு நோ காஸ்ட் இஎம்ஐ காட்டுகிறது. ஆசை நிறைய இருக்கிறது, அவசரப்படக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. இதில் எது உண்மையில் தேவை, எதைத் தள்ளிப் போடலாம், வாங்காமல் இருக்கும் நாட்களில் முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொண்டை ஊசி 20

நீங்க போட்ட பட்டியலில் மலையேற உதவுகிற பொருள் ஒன்றுகூட இல்லைங்க. மலையேற்றம் உங்கள் பின் சக்கரத்துப் பல்லில் இருக்கிறது. அதை முதலில் சரி பண்ணுங்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் மிக லேசான கியர் முன் 28, பின் 28. ஒரு மிதிக்கு ஒரு சக்கரச் சுற்று. 700×35 டயர் என்றால் சுற்றளவு சுமார் 2.17 மீட்டர். ஏற்றத்தில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 54 மிதிதான் வரும். இவ்வளவு மெதுவாக மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் இறங்கும் பாரம் அதிகம், பாதி மலைக்குள்ளேயே தொடை கட்டிக்கொள்ளும். பின்னால் 14-34 ஃப்ரீவீல் போட்டால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 65 மிதி கிடைக்கும். வாட்ச் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

மாற்றும்போது மூன்று இடத்தில் தப்பு நடக்கும். ஒன்று, பின் டெரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 34 பல் வரை தாங்குமா என்று கடைக்காரரிடம் உறுதி செய்யாமல் மாட்டுவது. இரண்டு, பழைய செயின் நீளத்தையே வைத்துக்கொள்வது. முன் பெரிய பல், பின் பெரிய பல் இரண்டிலும் டெரெய்லரில் கோக்காமல் செயினைச் சுற்றி, அதற்கு மேல் ஒரு அங்குலம் கூட இருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் கியருக்குப் போன நொடியில் டெரெய்லரே பிய்ந்து வரும். மூன்று, தேய்ந்த செயினைப் புது ஃப்ரீவீலில் போடுவது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து 12 அங்குலம் அளங்கள். செயினின் ஒரு ஆணி நடுவிலிருந்து இன்னொரு ஆணி நடு வரை சரியாக 12 இருக்க வேண்டும். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஏற்றத்தில் பல் தாண்டும். மாட்டிய பிறகு டெரெய்லரின் மேல் உருளை 34 பல்லில் உரசினால் பின்னால் இருக்கும் பி ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பினால் போதும்.

அடுத்து அளவு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து 1,100 மீட்டர் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். வழியில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. இதைவிட நல்ல அளவுகோலை எந்த வாட்சும் தராது. போனில் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு 5, 10, 15, 20 பலகைகளில் நேரத்தைக் குறியுங்கள். முதல் வாரம் 5 வரை ஏறித் திரும்புங்கள். மறு வாரமும் அதே 5தான், ஆனால் மேலே போனதும் பேச்சு மூச்சு சீராக இருக்கிறதா பாருங்கள். சீராக இருந்தால்தான் அடுத்த வாரம் 8. இப்படி வாரம் இரண்டு மூன்று வளைவு கூட்டுங்கள். 1 முதல் 5 வரை ஆகும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, 15-க்கு மேல் வேகம் சரியவில்லை என்றால் நீங்கள் தயார். முதல் ஐந்தில் வேகமாகப் போய்க் கடைசி ஐந்தில் தவித்தால் தொடக்கம் அவசரம் என்று அர்த்தம்.

வாட்சில் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைக்காதீர்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் மிகத் துல்லியமான கருவிக்கே சராசரி 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93. மலைக்குக் காகிதக் கணக்கே போதும்: நீங்கள் 70, வண்டியும் தண்ணீரும் 15, ஆக 85 கிலோ. 85 × 9.81 × 1,100 போட்டால் சுமார் 917 கிலோ ஜூல் வேலை. உடம்பு எரிப்பதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிதியில் இறங்கும், எனவே ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய 4,000 கிலோ ஜூல், அதாவது 950 கலோரி. டயர் உராய்வு, காற்றுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ் பாதை வேண்டுமென்றால் போனிலேயே இருக்கிறது. மர நிழலிலும் பாறைச் சரிவு ஓரத்திலும் புள்ளி தாவும், வளைவைக் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்தும் காட்டும். மலிவு வாட்சும் இதையேதான் செய்யும். மலையில் டவர் சிக்னல் தேடித் தேடியே போன் பேட்டரி தீரும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஜிபிஎஸ்ஸை மட்டும் ஓடவிடுங்கள், நிற்கும் இடத்தில் மறக்காமல் அந்த மோடை அணைத்து வீட்டுக்குச் செய்தி சொல்லிவிடுங்கள்.


நாடி பார்ப்பவர்

மேலே சொன்னதோடு நாடித்துடிப்பையும் சேர்க்கிறேன், ஏனென்றால் வாட்ச் வாங்க எல்லோரும் சொல்லும் முதல் காரணம் அதுதான்.

மணிக்கட்டு வாட்ச் பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, ரத்த ஓட்டத்தில் அது மாறுவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. சைக்கிளில் இதற்கு இரண்டு இடைஞ்சல். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி ரத்த ஓட்டம் மாறும், ரோட்டு அதிர்வு வாட்சை ஆட்டும். ஓடும்போது சில வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். திடீரென்று 160-ல் போய் நின்று அசையாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே வாட்ச் வைத்திருப்பவர்கள் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, சுழலாத அளவுக்கு இறுக்கிக் கட்டினால் பிழை குறையும்.

நெஞ்சில் கட்டும் ஸ்ட்ராப் இசிஜி போல மின் அலையைப் பிடிக்கிறது, அதனால் கையசைவு அதைப் பாதிக்காது. சுமார் 3,000 ரூபாயிலிருந்து கிடைக்கும், திரையாக உங்கள் போன் இருக்கிறது. வாங்கும்போது புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎன்டி பிளஸ் என்ற வேறு வகை ஒயர்லெஸ் மட்டும் உள்ளது பெரும்பாலான போனோடு சேராது.

ஆனால் அதையும் இன்றைக்கே வாங்காதீர்கள். முதல் ஆறு வாரத்துக்கு விரலும் கடிகாரமும் போதும். நின்ற உடனே கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் மெதுவாக விரல் வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். இரண்டு பக்கமும் அழுத்தக் கூடாது, தலை சுற்றும். நின்ற பிறகு துடிப்பு வேகமாக இறங்கும், அரை நிமிடம் கழித்து எண்ணினால் அது ஏற்றத்தின் எண் அல்ல. ஒரு துடிப்பு தப்பினால் நாலு தப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உச்சத் துடிப்புக்கு 220-லிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 178. 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 179. இரண்டும் ஒத்துப் போகிறதே என்று கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கும். நீண்ட ஏற்றத்துக்கு 125 முதல் 145-க்குள் வைத்தால் நல்லது. எண்ணே இல்லாமல் பார்க்கும் வழி பேச்சு: ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் ஒரு கியர் இறக்குங்கள். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் எதுவும் பொருந்தாது, துடிப்பையே மருந்து குறைத்துவிடும். அவர்கள் பேச்சுச் சோதனையை மட்டும் பின்பற்றட்டும்.

நாற்பது தாண்டியவர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மலை தொடங்கும் முன் ஒரு பிரஷர் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள். பட்டியலில் இருக்கும் எதையும்விட அந்தச் செலவு முக்கியம்.


வரவு செலவு

இஎம்ஐ கணக்கைப் பேசுவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே அளந்தே காட்டுகிறேன்.

வாட்ச் 24,000, ஆறு மாதம், ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வையுங்கள். நோ காஸ்ட் என்றால் வட்டியைக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்: அசல் சுமார் 22,984, வட்டி 1,016, சேர்ந்தால் மாதம் 4,000 வீதம் 24,000. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 183 ரூபாய் உங்கள் தலையில். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 418 ரூபாய் கூடுதல். அதே பொருளை முழுப் பணம் கொடுத்து வாங்குபவருக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குறைப்பு இருந்தால் அதையும் இழந்தீர்கள். பொருளைத் திருப்பி அனுப்பினாலும் பிராசஸிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

இது சரியாகக் கட்டினால். கார்டில் ஒரு மாத முழு பாக்கியைக் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் வரும், பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும், அதன் பிறகு வாங்கும் மளிகைக்குக்கூட வட்டியில்லாக் காலம் கிடைக்காது. ஒரு வாட்சுக்காக மளிகைக்கு வட்டி கட்டுவது தகாது.

பொறுமைக்கு வழி: ஒரு நோட்டில் பொருளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, இன்றைய விலை. கீழே இரண்டே கேள்வி. இது காட்டும் எந்த எண்ணைப் பார்த்து நான் எதை மாற்றிச் செய்வேன்? அந்த எண்ணை இன்று வேறு வழியில் எடுக்க முடியாதா? பதில் எழுத முடியாத பக்கத்தை மூடிவிடுங்கள். எழுத முடிந்தால் 45 நாள் கழித்து ஒரு தேதி போட்டு அன்றைக்குத்தான் திறப்பது. இடையில் கார்ட்டைக் காலி செய்து, ஆப்பின் நோட்டிஃபிகேஷனை அணைத்து, சேமித்த கார்டை நீக்கிவிடுங்கள். பதினாறு எண்ணையும் மறுபடி தட்டச்சு செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் பாதி ஆசை இறங்கிவிடும்.

இந்த 45 நாளில் விலையை வாரம் ஒரு முறை அதே பக்கத்தில் குறியுங்கள். அடித்துக் காட்டும் பழைய விலை எப்போதாவது உண்மையில் விற்ற விலையா என்று அப்போதுதான் தெரியும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் எதுவானாலும் இந்த ஒரு பக்கம் இருந்தால் மிரள வேண்டியதில்லை. விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளி மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதியவர்கள் ஸ்ட்ராப் அறுந்தது, சார்ஜிங் பின் பச்சை பிடித்தது என்று சொல்லியிருப்பார்கள்.

பொங்கல் தாண்டியும் வாட்ச் ஆசை நிற்கிறது என்றால் தவறில்லை. வங்கியில் மாதம் 2,000 வீதம் 12 மாத ஆர்டி போடுங்கள், வட்டியோடு 24,000-க்கு மேல் கையில் நிற்கும். தபால் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடம், மூன்று வருடத்துக்கு முன் மூட விடமாட்டார்கள், இதற்குச் சரிப்படாது.


அடிவாரம் வாசி

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். இறங்க வேண்டாமா? கையிலிருக்கும் 12,000-ல் ஃப்ரீவீலுக்கு அடுத்த செலவு பிரேக் கட்டைதான்.

வி பிரேக்கில் ரிம்மே பிரேக் பரப்பு. 20 வளைவும் லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி, டியூப் காற்று விரிந்து வெடிக்கவும் கூடும். நேர் ரோட்டில் கொஞ்சம் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொன்று, விட்டுவிட்டு வளையுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நின்று புறங்கையை ரிம் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு.

கட்டையில் வெட்டிய கோடு மறைந்தால் மாற்ற வேண்டும். புதுக் கட்டையின் முன் முனை பின் முனையைவிட ஒரு மில்லிமீட்டர் ரிம்முக்கு நெருக்கமாக இருக்கும்படி முடுக்கினால் கீச்சிடாது. கட்டையில் அலுமினியத் துகள் மினுங்கினால் ஊசியால் நோண்டி எடுங்கள், அதுதான் ரிம்மைக் கீறும். லீவரை முழுக்க அழுத்தினாலும் ஹாண்டில்பாரைத் தொடக் கூடாது. காற்று, உங்கள் எடைக்கும் 35 டயருக்கும் 55 முதல் 65 பிஎஸ்ஐ.

மலைப் பாதையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பஸ் வளைவில் முழு அகலத்தையும் எடுக்கும், உள் பக்கமாக நுழையவே கூடாது. அதிகாலை அஞ்சரைக்குக் கிளம்பினால் வெயிலும் வண்டியும் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் மேலே பனிமூட்டம் இறங்கும், பின் சிவப்பு விளக்கு கட்டாயம். வாழைப்பழத்தை வெளியே தெரியத் தொங்கவிடாதீர்கள், குரங்கு வண்டி மேலேயே வந்து உட்காரும்.


சூரமங்கலம் வாசகி

இடையில் ஒரு கேள்வி. அம்மாவுக்கு 66 வயது, மழையில் வெளியே நடக்க முடிவதில்லை. பழைய டிரெட்மில் ஒன்று 11,000-க்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்கணும்?


கொண்டை ஊசி 20

அக்கா, ஸ்டிக்கரில் பீக் ஹெச்பி (மோட்டாரின் ஒரு நொடி உச்ச சக்தி) போட்டிருந்தால் அதை விடுங்கள், கன்டினியூயஸ், அதாவது தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். நடைக்கு 2 ஹெச்பி போதும். வீட்டிலேயே 70, 80 கிலோ ஆள் ஒருவரை 3 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் நடக்க வையுங்கள். மெதுவான வேகத்தில் பாரம் ஏற்றும்போதுதான் மோட்டார் திணறும். கருகிய வாசம், கால் வைக்கும்போது பெல்ட் நின்று நின்று ஓடுவது இரண்டில் எது வந்தாலும் வேண்டாம். நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கியபின் பெல்ட்டைத் தூக்கி அடிப்பலகையைத் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும், பள்ளம் விழுந்திருந்தால் பலகை போச்சு. எண்ணெய் சிலிக்கான் மட்டும், சுமார் 30 மில்லி. தேங்காய் எண்ணெய், கிரீஸ் போட்டால் தூசி பிடித்து மோட்டார் இழுக்கும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கத்துப் பின் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் முடுக்கி ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகாது, எர்த் உள்ள 16 ஆம்ப் பாயிண்ட் தனியாக வேண்டும். அம்மாவுக்கு முக்கியம் பக்கவாட்டில் நீளமான கைப்பிடி, சட்டையில் மாட்டும் சேஃப்டி கீ, ஒரு கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்கும் வசதி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். மழை நாள் சில வாரம்தானே என்றால், மாடி வராந்தாவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும்.


செவ்வாய்ப்பேட்டை சைக்கிள்

எல்லோருக்கும் நன்றிங்க. கார்ட்டைக் காலி பண்ணிட்டேன். ஃப்ரீவீல், செயின், பிரேக் கட்டை, பின் விளக்கு, ஒரு ஸ்பேர் டியூப் இந்த வாரம். நெஞ்சு ஸ்ட்ராப் பக்கம் 45 நாளுக்கு மூடியிருக்கிறது. இரண்டு சந்தேகம்: எடை மெஷினாவது ஸ்மார்ட் வாங்கலாமா? ஸ்ட்ராப் வாங்கினால் நம்ம ஊர் வியர்வைக்கு எத்தனை நாள் தாங்கும்?


நாடி பார்ப்பவர்

ஸ்மார்ட் மெஷின் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரம் அனுப்பிக் கொழுப்பைக் கணிக்கிறது. உடம்பில் தண்ணீர் கூடினால் குறைந்தால் எண் ஆடும், ஈரப் பாதத்துக்கு ஒன்று, காய்ந்த பாதத்துக்கு ஒன்று. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது. உங்களுக்குச் சாதாரண டிஜிட்டல் மெஷின் போதும். காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே இடத்தில் டைல்ஸ் மேல் வைத்து நில்லுங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள், முந்தின நாள் உப்புக் கூடினாலே அரை கிலோ ஏறி நிற்கும். அதே மெஷினில் மலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், வழியில் குடித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், எத்தனை லிட்டர் வியர்த்தீர்கள் என்று தெரியும். அடுத்த முறை பாட்டிலை அதற்கேற்ப நிரப்பலாம்.

ஸ்ட்ராப் சீக்கிரம் போவதற்குக் காரணம் உப்பு. கட்டும் முன் உள்பக்கக் கறுப்புப் பட்டையைத் தண்ணீரில் நனையுங்கள், காய்ந்து கட்டினால் முதல் பத்து நிமிடம் துடிப்பு தாறுமாறாகக் காட்டும். முடிந்ததும் நடுவில் இருக்கும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் ஈரம் இரண்டு முனையையும் இணைத்து, ஆள் கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு இரவெல்லாம் ஓடிப் பேட்டரியைக் குடிக்கும். ஒவ்வொரு முறையும் பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், வாரம் ஒருமுறை கொஞ்சம் மைல்டு சோப்பு. பிழியக் கூடாது, வாஷிங் மெஷினும் கம்ஃபர்ட் மாதிரித் திரவமும் வேண்டாம். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2025 அல்லது 2032, நகைக்கடை வீதிக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்ததா என்று பார்த்து மூடுங்கள், வியர்வை உள்ளே போவது அந்த வழியாகத்தான்.